உதைத்துவிட்டுக் குனியாதே

எனக்குக் கோபமே வராது என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். "எங்க பொண்ணு இருக்கற இடமே தெரியாது" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நானும் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்று யார் கண்டார்கள்! எனக்கே தெரியாது என்பதுதான் கூத்து.

சீனாக்காரன் சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் நான் திருச்சி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். என்னை வேலைக்கு அனுப்ப அவருக்கு இஷ்டமே இல்லை. அம்மாவும் நானும் மாற்றி மாற்றி நச்சரித்து ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்தோம். சம்மதித்த அன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். "போயிட்டு வா, வேணாங்கல. ஆனா உன்னைப் பத்தி ஒரு பேச்சு என் காதுக்கு வந்துச்சுன்னா அன்னியோட வேலை நின்னுடும். நல்லா ஞாபகம் வச்சுக்க."

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எப்படிச் சொல்ல! முசிறியைத் தாண்டிப் போகாதவள் நான். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மெட்ராஸ், மதுரை, பம்பாய் எல்லாம் என் கைக்கு எட்டின தூரத்தில் இருக்கும். யார் வீட்டிலோ குழந்தை பிறந்திருக்கும், யாருக்கோ வேலை கிடைத்திருக்கும், அந்தச் சேதி என் விரல் வழியாகத்தான் போகும். "நம்பர் ப்ளீஸ்" என்று நான் சொல்கிற குரல் நன்றாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் அம்மாவே சொல்லியிருக்கிறார். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டுவதாவது! செத்தாலும் மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே சொல்ல வாய் வராது.

காலை டூட்டி ஆறு மணிக்கு. அதற்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எங்கள் தெருவிலிருந்து ரோட்டுக்குப் போக ஒரு தென்னந்தோப்பை ஒட்டிச் சந்து உண்டு. சுற்றிக்கொண்டு போனால் பஸ் போய்விடும், பஸ் போனால் மெமோ. அந்தச் சந்தில்தான் சைக்கிள்காரன் வந்தான்.

முதல் தடவை பின்னாலிருந்து வந்தான். விளக்கு இல்லை, பெல் இல்லை. என்னைத் தாண்டும்போது அவன் கை என் மார்பில் பட்டது. சைக்கிள் போய்விட்டது. தேங்காய் எண்ணெய் வாடை மட்டும் சந்தில் நின்றது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "பாவம், இருட்டில் தெரியாமல் பட்டிருக்கும்." தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது இப்போது. அவனுக்காக நானே சமாதானம் தேடியிருக்கிறேன்! அடுத்த வாரம் மறுபடி வந்தான். அப்போது கை தெரியாமல் படவில்லை, பிடித்தது. நான் கத்தவில்லை, ஓடவில்லை. முளை அடித்த மாதிரி நின்றேன். பிறகு பஸ் ஏறி, பாலம் தாண்டி, எக்ஸ்சேஞ்சுக்குப் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" என்றேன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டில் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அப்பாவிடம் போகும். அப்பாவுக்கு அது "பேச்சு". அவன் செய்ததற்கு என் வேலை போகும். இதென்ன நியாயம் என்று கேட்கக்கூட அப்போது எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு அதே சந்தில் நடந்தேன். எந்த நாள் வருவான், எந்த நாள் வரமாட்டான் என்று தெரியாது. வராத நாளும் வந்த மாதிரியேதான் இருக்கும்.

சீனாச் சண்டை வந்த பிறகு ஊரெல்லாம் ஒரே உற்சாகம். வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சிவில் டிபென்ஸ் வகுப்பு என்று கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தினார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவது, தீ அணைப்பது, கடைசியில் ஒரு மணி நேரம் தற்காப்பு. எங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து நாங்கள் கொஞ்சம் பேர் பெயர் கொடுத்தோம். வீட்டில் கட்டுப் போடுவதைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். தேசத்துக்காகப் பெண் ஏதோ செய்கிறாள் என்று அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

தற்காப்பு சொல்லிக்கொடுத்தது ஒரு டிரில் டீச்சர். எங்களைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். வெள்ளைச் சேலை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கழுத்தில் சின்னச் சிலுவை. பட்டாளத்தில் இருந்த அண்ணன்களோடு சண்டை போட்டே வளர்ந்தவராம். பேச்சு பட்டாசு மாதிரி இருக்கும்.

முதல் நாள் எங்களை ஜோடி ஜோடியாக நிற்க வைத்தார். எனக்கு ஜோடி என் பக்கத்து போர்டு ஆபரேட்டர், மேலப்புதூர்க்காரி. ஆள் நல்ல வாட்டசாட்டம், வாய் அதைவிட நீளம். "தள்ளுங்க" என்றார் டீச்சர். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தி சிரிக்க, அவளைப் பார்த்து இன்னொருத்தி சிரிக்க, மைதானமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "சிரிங்க, நல்லாச் சிரிங்க. இது சந்தோஷச் சிரிப்பில்ல, பயம். அடிக்கணும்னு சொன்னாலே உங்களுக்கு வயித்தக் கலக்குது, அதான் சிரிப்பா வருது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரி.

அடுத்த வாரம் உதைக்கச் சொல்லிக்கொடுத்தார். முட்டிக்குக் கீழே முன் எலும்பு இருக்கிறதே, அங்கே செருப்பின் ஓரத்தால் ஓங்கி ஓர் உதை. புடவையை எப்படிக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்வது, எப்படி நிற்பது, எல்லாம் சொல்லி ஆயிற்று. மேலப்புதூர்க்காரி முழங்காலுக்குக் கீழே கோணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் உதைத்தேன். உதைத்த அடுத்த நிமிஷம் குனிந்தேன். அவள் காலைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

நான் மட்டும் இல்லை. வரிசையைத் திரும்பிப் பார்த்தால் உதைத்தவள் எல்லாம் குனிந்து நிற்கிறாள்! யார்மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே நம் வீடுகளில் பழக்கிவிடுகிறார்களே. புத்தகத்தின் மேல் பட்டால் ஒற்றிக்கொள்கிறோம், நெல்லின் மேல் பட்டால் ஒற்றிக்கொள்கிறோம். மனுஷர்மேல் வேண்டுமென்றே உதைத்துவிட்டு ஒற்றிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? கை தன்னால் போகிறது.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "கும்பிட வந்தீங்களா, அடிக்க வந்தீங்களா? உதைச்சிட்டுக் குனிஞ்சா உங்க சடை அவன் கைக்குப் போயிடும். அப்புறம் கோவிந்தா!" ஜெபமாலை உருட்டுகிற வாயில் கோவிந்தா வந்ததும் நாங்கள் மறுபடி சிரித்துவிட்டோம். அவர் விடவில்லை. "நான் காட்டறேன் பாருங்க" என்று என் முன்னால் வந்து நின்று, சும்மா தொடுகிற மாதிரி என் காலில் ஓர் உதை விட்டார். விட்டவர் முதுகு வளைந்தது. பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். எல்லோரும் கவனித்துவிட்டோம். "சேசு மரி சூசை! டீச்சருக்கும் அதே வியாதி" என்று மேலப்புதூர்க்காரி என் காதில் சொன்னாள். டீச்சருக்கும் கேட்டுவிட்டது. "ஆமாம்மா, எனக்கும்தான். நான் பாதியில நிறுத்தக் கத்துக்கிட்டேன். நீங்க ஆரம்பிக்காம இருக்கக் கத்துக்கங்க" என்றார்.

கத்துவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் தொழிலே மெதுவாகப் பேசுவது. யார் எவ்வளவு திட்டினாலும் "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்றுதான் சொல்ல வேண்டும். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "கத்தும்மா, கத்து" என்றார். நான் மூச்சை இழுத்து, இருக்கிற பலமெல்லாம் திரட்டி, "விடுங்க!" என்றேன். "என்னது, ங்கவா? காபி சாப்பிட்டுப் போங்கன்னும் சொல்லிடு" என்றார். டேய் என்று சொல்லச் சொன்னார். என் ஜென்மத்தில் ஓர் ஆம்பிளையை டேய் என்றதில்லை, தெருவில் விளையாடுகிற பொடியன்களைத் தவிர. அந்தச் சொல் தொண்டைக்கு வந்து திரும்பிப் போனது. அதற்குப் பதிலாக எனக்கு அழுகை வந்தது. கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் வரும். அப்பாவிடம் எதையாவது கேட்டு அவர் மறுத்தாலும் அப்படித்தான். அழுதால் கோபம் கரைந்துவிடும், நானும் நல்ல பெண்ணாகிவிடுவேன்.

டீச்சர் ஒன்று கண்டுபிடித்தார். எங்கள் கையில் பலம் இல்லாமல் இல்லை. கிணற்றில் இறைத்த கை, ஆட்டுக்கல்லில் ஆட்டின கை. வீச்சு நன்றாகவே கிளம்புகிறது. ஆனால் ஆள்மேல் படுவதற்குக் கொஞ்சம் முன்னால் கை தானாக நின்றுவிடுகிறது. தவிடு அடைத்த மூட்டையைக் குத்தும்போது நிற்பதில்லை, ஆளைக் குத்தும்போது மட்டும் நிற்கிறது. "எதிராளிக்கு வலிக்குமேன்னு உங்க கைக்குத் தெரியுது. உனக்கு வலிக்குதுன்னு அவன் கைக்குத் தெரியுதா?" என்று கேட்டார். முந்தின நாள் காலையில்கூடச் சந்தில் அவன் வந்திருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பின்னாலிருந்து வந்து பிடிக்கிற பயிற்சி. மேலப்புதூர்க்காரி விளையாட்டாக, சொல்லாமல், என் தோளுக்குமேல் கையைப் போட்டாள். கை அவன் கை விழுகிற இடத்தில் விழுந்தது. எனக்கு என்ன ஆனதோ! முழங்கை பின்னால் போய் அவள் விலாவில் இறங்கியது. திரும்பினேன். உள்ளங்கையின் அடிப்பக்கம் அவள் மூக்கில் போய் மோதியது. நடுவில் நிற்கவே இல்லை. ரத்தம் வந்தது. இன்னொன்று போடக் கை ஓங்கிவிட்டது, டீச்சர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

அழுதேன், வாஸ்தவம். ஆனால் அழுகைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அந்த அடி நன்றாக இருந்தது. ருசியாக இருந்தது என்றே சொல்வேன். ராத்திரி முழுக்க அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சைக்கிள்காரனைப் பற்றி எனக்கு இருந்த பயத்தைவிட என்னைப் பற்றி வந்த பயம் பெரிசாக இருந்தது. இனிமேல் அந்த வகுப்புக்கே போவதில்லை என்று முடிவு பண்ணினேன்.

மறுநாள் டூட்டிக்கு மேலப்புதூர்க்காரி கொய்யாப்பழம் மாதிரி வீங்கின மூக்கோடு வந்தாள். ஆபரேட்டர்கள் ஓய்வெடுக்கிற ரெஸ்ட் ரூமில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே கதை! அடிச்சதும் நீ, அழறதும் நீயா? அப்ப எனக்கு என்னதாண்டி வேலை?" என்றாள். சிரிப்பும் அழுகையுமாக அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாயைத் திறந்து ஒருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாசமாப் போறவன்! கையில குஷ்டம் வர!" என்று அவள் வைத வைவு ரூமுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். "உங்கப்பாகிட்ட சொல்லு."

"சொன்னா வேலை போயிடும்டி."

அவள் கொஞ்ச நேரம் மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்ப என் மூக்கை உடைச்ச மாதிரி அவன் மூக்கை உடை. என் மூக்காவது புண்ணியத்துக்குப் போச்சுன்னு இருக்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வகுப்புக்குப் போனேன். டீச்சரைத் தனியாகப் பிடித்து, "அடிக்கறப்ப நல்லா இருந்துச்சு டீச்சர். அது தப்பா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார். "எனக்கும் நல்லாத்தான் இருக்கும். அது தப்பில்ல. எங்க நிறுத்தணும்னு தெரியணும், அவ்வளவுதான். அவன் விட்டுட்டானா, நீயும் விட்டுடு. விடற வரைக்கும் விடாதே."

அன்றிலிருந்து நானும் மேலப்புதூர்க்காரியும் டூட்டி முடிந்து ரெஸ்ட் ரூமிலேயே பழகினோம். அவள்தான் சைக்கிள்காரன். உதைத்துவிட்டு நான் குனிந்தால் என் சடையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பாள். தலை விண்விண்ணென்று வலிக்கும். இழுத்து இழுத்தே என் முதுகை நிமிர்த்திவிட்டாள். கடைசியில் குனிவதே நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மார்கழி முழுக்க அவன் வரவில்லை. எப்படி வருவான்? விடிவதற்குள் தெருவெல்லாம் கோலம், பாட்டு, கோயிலுக்குப் போகிற கூட்டம். தை பிறந்து சந்து பழையபடி வெறிச்சோடியதும் வந்தான்.

சைக்கிள் செயின் உரசுகிற சத்தம் கேட்டது. நின்று திரும்பினேன். அதுவரை நான் திரும்பியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவன் நீட்டின கையை விட்டுவிட்டு ஹாண்டில்பாரைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினேன். சைக்கிள் சாய்ந்தது. அவன் விழவில்லை, தடுமாறி இறங்கி நின்றான். முகத்தைப் பார்த்தேன். அடுத்த தெருக்காரன்! கல்யாணமானவன், சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவன். என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன, கோபமா?" என்றான்.

உதைத்தேன். சரியாக எலும்பின்மேல். அவன் "ஆ" என்றான். சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் குனிந்தேன். அந்தப் பாவியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள என் வலது கை கீழே போகிறது! டீச்சர் சொன்னபடியே என் சடை அவன் கைக்குப் போயிற்று. சுற்றிப் பிடித்து அழுத்தினான்.

எனக்கு அப்போது வந்த கோபம் அவன்மேல் வந்தது பாதி, என் கைமேல் வந்தது பாதி. இவனிடமா மன்னிப்பு? இவனிடமா? குனிந்திருந்த தலையாலேயே அவன் தாடையை மேல்நோக்கி முட்டினேன். பல் பல்லோடு மோதுகிற சத்தம் கேட்டது. முழங்கையை விலாவில் இறக்கினேன். "விடுடா! டேய், விடுடா!" அது என் குரலா என்று எனக்கே சந்தேகம். வாசல் தெளிக்க வந்திருந்த பெண்கள் வாளியோடு சந்து முனைக்கு ஓடிவந்தார்கள். அவன் சடையை விட்டான். ஓங்கின என் கை அப்படியே நின்றது. விட்டுவிட்டான், நானும் விட்டேன். தோப்புப் பக்கமாக நொண்டிக்கொண்டு ஓடினான். சைக்கிள் மண்ணில் கிடந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன். அன்று "நம்பர் ப்ளீஸ்" சொன்னபோது குரல் கரகரவென்றிருந்தது. பக்கத்து போர்டில் இருந்தவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சொல்லத் தேவைப்படவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அந்தச் சைக்கிள் எங்கள் வாசல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. தெருப் பெண்கள் உருட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள், சாட்சிக்கு. அம்மா சோறு போட்டாள், என் தலையில் எண்ணெய் வைத்து வீங்கின இடத்தைத் தடவிவிட்டாள். அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோதே முகம் வெளுத்திருந்தது. பேச்சு அவர் காதுக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அவனுடைய சித்தப்பா. இன்னொருவர் மளிகைக் கடைக்காரர், எங்களுக்கும் அவர்களுக்கும் வேண்டியவர். அப்பா அவர்களை உட்கார வைத்து, காபி கொண்டுவரச் சொன்னார். சித்தப்பா பேசியது ரொம்ப மரியாதையான பேச்சு.

"சார், சின்ன விஷயம். இருட்டுல சைக்கிள் இடிச்சிருக்கு. அதுக்குப் போயி ஒரு பொம்பளைப் பிள்ளை நடுச்சந்துல கை நீட்டலாமா? பையனுக்குப் பல்லு ஆடுது. போகட்டும். பாப்பா ஒரு வார்த்தை மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டா, சைக்கிளை எடுத்துட்டுப் போயிடறோம். வெளியில ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. பாப்பா வேலைக்கும் பாதகம் இல்ல, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னா உங்களுக்கும் பாதகம் இல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. சொல்லிவிடு, எல்லாம் முடிந்துபோகும், நீயும் வேலைக்குப் போகலாம். ஒரே ஒரு வார்த்தை. தினம் எத்தனை தடவை போனில் சொல்கிற வார்த்தை அது. "மன்னிக்கணும் சார், லைன் கிடைக்கல." சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. வேலை வேண்டும் எனக்கு, அவ்வளவு வேண்டும்.

"நான் சொல்லமாட்டேங்க" என்றேன்.

"என்னம்மா இது" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"சைக்கிள் இடிக்கலைங்க. ரொம்ப நாளா காலைல வந்து என் மாரைப் பிடிக்கிறார். இன்னிக்கும் அதுக்குத்தான் வந்தார். நான் உதைச்சேன். அவர் என் சடையைப் பிடிச்சார், நான் முட்டினேன். இதுதான் நடந்தது."

குரல் நடுங்கவில்லை. நிறுத்தி நிறுத்தி, எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்கிற மாதிரி சொன்னேன். மளிகைக் கடைக்காரர் தரையைப் பார்த்தார். அவருக்கும் என் வயசில் பெண் உண்டு. சித்தப்பா எழுந்தார். "இந்தப் பேச்சு பேசற பொண்ணுக்கு எவன் வருவான், பார்க்கலாம். ஊரே சிரிக்கும் சார்." காபியைத் தொடாமல் போனார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போகவும் மறந்துவிட்டார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை அப்பா அசையவில்லை. பிறகு என்னிடம் வந்தார். "ரெண்டு ஆம்பிளைங்க முன்னால என்ன வார்த்தை சொன்னே நீ?" கை ஓங்கிவிட்டது. என்னை அவர் அடித்ததே இல்லை. அதிர்ந்துகூடப் பேசாத மனுஷர். அந்தக் கை என்னை நோக்கி இறங்கியது.

என் முழங்கை உயர்ந்து அதை அந்தரத்தில் தடுத்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் செய்தன.

அம்மா சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கை என் கைமேல் அப்படியே இருந்தது. மெலிந்த கை. பேனா பிடித்துப் பிடித்து நடுவிரல் காய்த்துப்போன கை. அவருக்கு வலித்திருக்கும், எனக்குத் தெரியும். ஐயோ அப்பா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் கையை நான் இறக்கவில்லை.

"என்னை அடிக்காதீங்கப்பா. நான் தப்பு பண்ணல. நாளைக்கும் வேலைக்குப் போவேன்."

அவர்தான் கையை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாருடைய கை என்று தெரியாதவர் மாதிரி. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு தட்டையும் கழுவி வைத்தாள்.

காலையில் குளித்துச் சடை பின்னிக்கொண்டு வந்தேன். அப்பா முன்கட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவை நானே திறந்தேன். தடுக்கவில்லை. போய்விட்டிருக்கலாம். "அப்பா, போயிட்டு வரேன்" என்றேன். பதில் இல்லை.

போவது எனக்குத் தெரியும். சந்தும் தெரியும், பஸ்ஸும் தெரியும், வேலையும் தெரியும். திரும்பி வர வீடு வேண்டுமே, அதுதான் எனக்குத் தெரியவில்லை. "வா" என்று அவர் வாயால் கேட்காமல் வாசற்படியைத் தாண்டுவதில்லை என்று நின்றேன். அழவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கவே சொன்னேன். "போயிட்டு வரேன்பா."

அப்பா தலையை நிமிர்த்தாமல் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பஸ் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

"போயிட்டு வா" என்றார். பிறகு, "உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போ. நேத்து ராத்திரியும் நீ சாப்பிடல" என்றார்.

"பஸ் போயிடும்பா. வந்து சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுச் சந்துக்குள் இறங்கினேன்.